கொல்லிப்பாவையும் கூத்துப்பாவையும்

நாமக்கல் சமவெளிக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் கொல்லிமலையில் தெய்வம் சமைத்த பாவை ஒன்று இருப்பதாகவும், காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அதன் வடிவழகு குன்றுவதில்லை என்றும் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. தலைவியின் அழகுக்கு உவமையாகப் புலவர் பலர் எடுத்தாண்ட அந்தக் கொல்லிப்பாவையை, பாடல்கள் சொன்ன வடிவில் இன்று மலையில் காண இயலாது. அது பாட்டில் வாழ்கிறது. மலையடிவாரச் சமவெளியிலோ, மனிதக் கை செதுக்கி மனிதக் கை ஆட்டும் மரப்பாவைகள் இன்றும் கோயில் திடல்களில் ஆடி வருகின்றன. அவற்றின் வண்ணம் உரிகிறது, துணி கிழிகிறது, மரம் உளுத்துப்போகிறது. ஆயினும் உளுத்த பாவைக்கு மாற்றாக இன்னொன்றைச் செதுக்கவும் ஆட்டவும் அறிந்த ஒருவர் இருக்கும்வரை அக்கலை அழிவதில்லை.

அத்தகைய ஒருவரை உருவாக்குவது கலைக்கல்வி. ஆனால் அச்சொல் இரு பொருளில் வழங்குகிறது. ஓவியர், சிற்பி, இசைக்கலைஞர், நடிகர் எனக் கலையையே வாழ்வாகக் கொள்வோரை உருவாக்கும் தொழிற்பயிற்சி ஒன்று. எத்தொழிலுக்குச் செல்லவிருக்கும் குழந்தைக்கும் வரைதல், பாடுதல், நடித்தல், கைவினை ஆகியவற்றின் வழியே கண்ணையும் கையையும் செவியையும் பழக்கும் பொதுக்கல்வி மற்றொன்று. இவ்விரண்டில் முன்னதற்கு நெடிய வரலாறு உண்டு; பின்னது ஒப்புநோக்கில் அண்மைக்கால எண்ணம். முன்னது எவ்வாறு இயங்கியது, யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பதைச் சேலம், நாமக்கல் வட்டாரத்தின் கலை வரலாற்றைக் கொண்டு பார்த்தால், பின்னதன் தேவை தெளிவாக விளங்கும்.

கல்லில் கற்ற பாடம்

நாமக்கல் நகரின் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறைக் குன்றின் மேற்குப் பக்கத்தில் நரசிம்மருக்கும் கிழக்குப் பக்கத்தில் அரங்கநாதருக்கும் குடையப்பட்ட இரு குகைக்கோயில்கள், சங்கப் புகழ் பெற்ற அதியமான்களின் பிற்கால மரபினர் 8 ஆம் நூற்றாண்டில் எடுப்பித்தவை. அரங்கநாதர் குகையிலுள்ள கிரந்தக் கல்வெட்டு, அதியேந்திர விஷ்ணு கிருகம் என்று அக்கோயிலின் பெயரைத் தருகிறது. எடுப்பித்த குலத்தின் பெயர் இவ்வாறு நிலைத்திருக்க, இரணியனை மடியில் கிடத்திப் பிளக்கும் நரசிம்மரையும், ஒரு காலை விண்ணுக்கு உயர்த்திய திரிவிக்கிரமரையும் பாறையிலிருந்து வெளிக்கொணர்ந்த சிற்பிகளின் பெயர்கள் வரலாற்றில் நிற்கவில்லை. அவர்கள் எங்குப் பயின்றார்கள், யார் அவர்களுக்கு உளி பிடிக்கக் கற்பித்தார்கள் என்பதும் தெரியவில்லை. ஆனால் குடைவரைச் சிற்பத்தில் பிழைக்கு மாற்று கிடையாது. தவறிச் சிதறிய கல்லை மீண்டும் ஒட்ட முடியாதாகையால், முதல் உளியடிக்கு முன்பே முழு உருவமும் சிற்பியின் மனத்தில் அளவோடு அமைந்திருக்க வேண்டும். அத்தகைய மனம் பல ஆண்டுப் பயிற்சியினாலன்றி உருவாவதில்லை.

அப்பயிற்சியின் அடிப்படை தாளமானம் என்னும் அளவு முறையாகும். சிற்ப நூல்களில் தாளம் என்பது உருவத்தின் முக நீளத்தைக் குறிக்கும். அது பன்னிரண்டு அங்குலமாகப் பகுக்கப்படும். இந்த அங்குலம் அடிக்கோலில் காணும் அங்குலம் அன்று. செய்யப்படும் உருவத்தின் அளவுக்கேற்பக் கூடியும் குறைந்தும் வரும் ஓர் ஒப்பளவு. முக நீளத்தைப்போல் ஒன்பது மடங்கு உயரமுள்ள உருவம் நவதாளம் எனப்படும். அதன் உயரம் நூற்றெட்டு அங்குலம். இந்த விதியை மனப்பாடம் செய்வது எளிது. விரல் நீளச் சிலையிலும் ஆளுயரச் சிலையிலும் அதே ஒப்பு குலையாமல் கொண்டுவருவதும், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் பொருட்டு அவ்விதியை எங்கே சற்று நெகிழ்த்துவது என்று முடிவு செய்வதும் ஏட்டில் அடங்காத அறிவு. அந்த அறிவை ஆசிரியரின் அருகிலிருந்தே பெற முடியும்.

சேலத்துக்கு மேற்கே தாரமங்கலத்தில், கெட்டி முதலி எனப்பெற்ற குறுநில மன்னர்கள் விரிவாக்கிய கைலாசநாதர் கோயிலில் இவ்வறிவின் முதிர்ந்த நிலையைக் காணலாம். அங்கு ஒரு தூணில் வில்லேந்திய இராமனும் வேறொரு தூணில் வாலியும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இராமன் நிற்கும் இடத்திலிருந்து நோக்கினால் வாலி தெரிவான். வாலி நிற்கும் இடத்திலிருந்து நோக்கினால் இராமன் தெரியமாட்டான். மறைந்து நின்று அம்பு தொடுத்தான் என்னும் காப்பியச் செய்தியைச் சிற்பி எழுத்தால் சொல்லாமல், தூண்களின் இடைவெளியாலும் பார்வைக் கோட்டின் கணக்காலும் சொல்லியிருக்கிறார். பார்ப்பவர் இரண்டு இடங்களுக்கும் நடந்து சென்று நோக்கினால்தான் அச்சிற்பம் முழுமை பெறுகிறது. கதையும் கணிதமும் உடலின் அசைவும் அங்கு ஒரே பாடமாக இணைகின்றன. பாடங்களைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கும் இக்காலக் கல்விமுறை அரிதாகவே எட்டும் இணைப்பு அது.

வாத்தியாரும் அடவும்

கல்லை விட்டுக் கூத்துக் களரிக்கு வந்தால், கற்பிக்கும் முறை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடும் புறநானூற்றுப் பாடல் ஒன்றில், முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை எனப் பல கருவிகளோடு காட்டுவழியே செல்லும் ஒரு கலைக்குழு காட்சி தருகிறது. அக்குழு ஒரு நடமாடும் பள்ளியாகவும் இருந்திருக்க வேண்டும். இளையவர் மூத்தவரோடு நடந்தபடியே கற்றிருப்பர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை இதனினும் ஒழுங்கான ஒரு கல்வித் திட்டத்தையே வரைந்து காட்டுகிறது. ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறிய மாதவிக்கு ஆடல், இசை, கவி, தண்ணுமை, குழல், யாழ் என ஆறு துறை ஆசிரியர்கள் இருந்தனர் என்பதையும், ஒவ்வோர் ஆசிரியருக்கும் இருக்க வேண்டிய தகுதிகளையும் இளங்கோவடிகள் விரிவாகச் சொல்கிறார். மாணவரின் தகுதியைவிட ஆசிரியரின் தகுதிக்கு அக்காதை அதிக இடம் கொடுத்திருப்பது எண்ணத்தக்கது.

சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளில் மாரியம்மன், திரௌபதியம்மன் விழாக்களையொட்டி விடிய விடிய நடைபெறும் தெருக்கூத்தில் இந்த மரபு எளிய உருவில் தொடர்கிறது. குழுவின் தலைவரும் ஆசிரியருமானவரை ஊரார் வாத்தியார் என்றே அழைக்கின்றனர். கூத்தில் சேரும் இளைஞர் ஆரம்பத்தில் பின்பாட்டுப் பாடுவார், தாளம் போடுவார், பெட்டி சுமப்பார். பிறகு சிறு வேடம் கட்டுவார். அடவு எனப்படும் ஆட்ட அடிகள் காலில் ஏறியபின் பெரிய வேடத்துக்கு உயர்வார். ஒரே இரவில் அவர் பாட்டு, ஆட்டம், முகவண்ணம், உடைக்கட்டு, தாளக் கணக்கு, உரையாடல் அனைத்தையும் கையாள வேண்டியிருப்பதோடு, எதிரில் அமர்ந்திருக்கும் ஊரின் மனநிலையையும் கணிக்க வேண்டியிருக்கிறது. கூட்டம் தூங்கி வழிந்தால் கோமாளி எப்போது நுழைய வேண்டும் என்பதை எந்தப் பனுவலும் சொல்லித் தருவதில்லை.

மரப்பாவைக் கூத்தில் பயிற்சியின் கடுமை மேலும் கூடுகிறது. தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் கனத்த மரப்பாவையின் கயிறுகள், ஆட்டுபவர் தலையில் சும்மாடுபோல் அணியும் வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். பாவையின் கைகளை அவர் கோல்களால் இயக்குவார். ஆகவே பாவை ஆட வேண்டுமாயின் ஆட்டுபவரின் தலையும் உடலும் திரைக்குப் பின்னால் அதே ஆட்டத்தை ஆட வேண்டும். கூத்தின் அடவு அறியாதவரால் பாவையை அசைக்க முடியும், ஆடவைக்க முடியாது. ஒரு கலையின் பயிற்சி மற்றொரு கலையின் அடித்தளமாக அமைவதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

களரியிலிருந்து திரைக்கு

கலை வடிவங்கள் ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன என்ற அச்சம் ஒவ்வொரு தலைமுறையிலும் எழுவதுண்டு. இச்சமவெளியின் அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது: புதிய வடிவம், பழைய வடிவத்தில் பயின்றவர்களை எடுத்துக்கொண்டே வளர்கிறது. திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் 1935 இல் தொடங்கிச் சேலம் ஏற்காடு சாலையில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938 இல் அந்நிறுவனத்திலிருந்தே வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956 இல் அங்கேயே உருவானது. ஒரு படப்பிடிப்பு நிலையம் இயங்குவதற்கு நடிகர் மட்டும் போதாது. அரண்மனைத் தூண்களை மரத்திலும் சாந்திலும் எழுப்பும் தச்சர், திரைச்சீலையில் மலையும் கடலும் தீட்டும் ஓவியர், தையற்காரர், ஒப்பனைக்காரர், வாத்தியக்காரர் என ஒரு சிற்றூரே அதனுள் குடியிருந்தது. அக்காலத் திரையுலகின் நடிகர் பலரும் பாலர் நாடகக் குழுக்களில் வளர்ந்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் போன்ற ஆசிரியர்கள் கண்டிப்போடு நடத்திய அக்குழுக்களில் சிறுவர்கள் பாட்டையும் வசனத்தையும் இரவு பகலாகப் பயின்று பெற்ற குரல்வளமே, பேசும் படத்தின் முதல் மூலதனமாயிற்று.

கதைகளும் இவ்வாறே உருமாறி வந்திருக்கின்றன. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் பாடல்களில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன, நூல் மறைந்துபோயிற்று. ஆனால் கொல்ல நினைத்த கணவனைத் தானே மலையிலிருந்து தள்ளிய பெண்ணின் கதை உரைகளின் வழியே பிழைத்து, மு. கருணாநிதியின் நாடகமாகி, 1950 இல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரிகுமாரி’ திரைப்படமாக மக்களிடம் மீண்டும் சென்று சேர்ந்தது. ஓலைச்சுவடி காக்கத் தவறியதை நாடக மேடையும் திரையும் தம் வழியில் காத்தன.

ஒரே மனிதருக்குள்ளும் இம்மாற்றம் நிகழ்வதுண்டு. 1888 இல் மோகனூரில் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையை நாமக்கல் கவிஞர் என்று நாடு அறியும்; 1949 இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞராக ஆனவர் அவர். ஆனால் கவிதையால் புகழ் பெறுவதற்கு முன் அவர் உருவப்படங்கள் தீட்டி வாழ்ந்த ஓவியர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தில்லி முடிசூட்டு விழாவையொட்டித் தீட்டிய ஓவியத்துக்காக அவர் தங்கப் பதக்கம் பெற்றதாக வாழ்க்கைக் குறிப்புகள் கூறும். பின்னர் அவர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ புதினம் 1954 இல் திரைப்படமாகிக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைத் தமிழுக்குப் பெற்றுத் தந்தது. தூரிகை, கவிதை, புதினம், திரை என நான்கு வடிவங்களைத் தொட்ட அந்த வாழ்வில், முகத்தை உற்று நோக்கி அதன் குணத்தை ஊகிக்கும் உருவப்பட ஓவியரின் பழக்கம் எழுத்துக்கும் உதவியிருக்கும் என்று கருதுவது மிகையாகாது.

கதவு யாருக்குத் திறந்தது

இத்தனை சிறப்புகளுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. உளியும் மத்தளமும் தறியும் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றன. பிற குடியில் பிறந்த சிறுவன் எவ்வளவு ஆர்வம் உடையவனாயினும் சிற்பப் பட்டறைக்குள் நுழைவது அரிதாக இருந்தது. பெண்ணுக்கு அக்கதவு பெரும்பாலும் மூடியே கிடந்தது. கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். கலைஞர்களிலும் பலர், தம் கலைக்கு ஊர் கொடுத்த மதிப்பைத் தம் பிறப்புக்குக் கொடுக்காத நிலையில் வாழ்ந்தனர். பிறப்பைச் சாராத கலைக்கல்விக்கு ஒரு வழியை அரசு சார்ந்த பள்ளிகளே முதன்முதலில் திறந்தன.

1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிச் சிறிது காலத்தில் அரசு ஏற்றுக்கொண்ட ஓவியப் பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. ஆங்கில ஆட்சியின் தொழில் தேவைகளுக்காகத் தோன்றிய அப்பள்ளி, 1929 இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவராக வந்த பின்னும், அவரை அடுத்து 1957 இல் கே. சி. எஸ். பணிக்கர் பொறுப்பேற்ற பின்னும், தனக்கெனத் தனி நோக்குடைய ஓவியர்களையும் சிற்பிகளையும் உருவாக்கும் இடமாக மாறியது. பணிக்கரும் அவரைச் சார்ந்த கலைஞர்களும் 1966 இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, துணியில் மெழுகு கொண்டு சாயமிடும் பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்று வாழ்க்கையை நடத்திக்கொண்டே தம் ஓவியங்களைத் தொடர்ந்தனர். உயர்கலை, கைவினை என்ற பிரிவினை அங்கு வாழ்க்கைத் தேவையினாலேயே தளர்ந்தது.

தொடக்கக் கல்வியில் கைத்தொழிலுக்கு உரிய இடம் எது என்ற கேள்வி தமிழ்நாட்டில் பெரும் அரசியல் புயலாகவும் வீசியது. அதன் மையத்தில் நின்றவர், சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்து, 1925 இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்த இராஜாஜி. முதலமைச்சராக இருந்த அவர் 1953 இல் ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டத்தின்படி, குழந்தைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நாள் தம் பெற்றோரின் தொழிலிலும் கழிக்க வேண்டியிருந்தது. பிறப்பால் வந்த தொழிலையே பிள்ளையின் தலையில் மீண்டும் கட்டும் குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர்; 1954 இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பின் நியாயத்தை இன்று மறுப்பதற்கில்லை. கையால் செய்து கற்பது நல்ல கல்வி என்பது ஓர் உண்மை. இன்னாரின் பிள்ளை இன்ன தொழிலைத்தான் செய்து கற்க வேண்டும் என்பது அநீதி. திட்டம் வீழ்ந்தபோது அநீதி விலகியது. ஆனால் அதன் பின் வந்த பத்தாண்டுகளில், பிறப்போடு ஒட்டாமல் எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கைத்திறனையும் கற்கும் வகுப்பறை ஒன்றை அதற்கு மாற்றாக வலுவாகக் கட்டியெழுப்பவில்லை. தச்சர் மகள் தறியையும், நெசவாளர் மகன் உளியையும், உழவர் பிள்ளை யாழையும் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே குலக்கல்விக்கு உண்மையான மாற்றாக இருந்திருக்கும். அந்த வாய்ப்பைத் தரக்கூடிய ஓவிய வகுப்பும் கைத்தொழில் வகுப்பும் கால அட்டவணையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர்கள் இல்லாமலில்லை. அரசின் தொழில்நுட்பத் தேர்வுகளில் கீழ்நிலை, மேல்நிலைகளைக் கடந்து ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் பெற்று வந்தவர்கள் அவர்கள். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நூற்றுக்கு மேல் மாணவர் பயிலும் நடுநிலைப் பள்ளிகளில் கலை, உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012 இல் 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரை நாள் பணியும் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் ஊதியமும் அவர்களுக்கு வகுக்கப்பட்டன. ஒரு சமூகம் ஒரு பாடத்துக்கு எவ்வளவு மதிப்பளிக்கிறது என்பதை அப்பாடத்தின் ஆசிரியரை அது நடத்தும் முறையிலிருந்து அறியலாம். ஆறு ஆசான்களின் தகுதியை அடுக்கிச் சொன்ன காப்பியத்தைப் பெற்ற மொழிக்கு இது பெருமை தருவதன்று.

எதற்காகக் கற்பது

கலையைப் பள்ளியில் ஏன் கற்பிக்க வேண்டும் என்ற வினாவுக்கு அடிக்கடி சொல்லப்படும் விடை, ஓவியமோ இசையோ கற்றால் மற்றப் பாடங்களில் மதிப்பெண் கூடும் என்பது. அவ்விடை உறுதியானதன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் சீரோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் ஆகியோர் முந்தைய பல பத்தாண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2000 இல் வெளியிட்ட முடிவுகள், கலைப் பயிற்சியே மதிப்பெண் உயர்வுக்குக் காரணம் என்று பொதுவாகக் கூறுவதற்குப் போதிய சான்றில்லை என்று காட்டின. விதிவிலக்காகச் சில தொடர்புகள் மட்டும் தெளிவாக வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று, வகுப்பறையில் கதைகளை நடித்துப் பார்க்கும் குழந்தைகளின் மொழித்திறன் வளர்வது. கூத்து வாத்தியார்களுக்கு இது புதுச் செய்தியாக இராது.

அதே ஆய்வாளர்கள் பின்னர் ஓவிய வகுப்புகளை நேரில் கவனித்துக் கண்டவை இதைவிடப் பயனுள்ளவை. நல்ல ஓவிய வகுப்பு, கருவியைக் கையாளும் திறனோடு வேறு பல மனப்பழக்கங்களையும் ஊட்டுகிறது: உற்று நோக்குதல், இல்லாததை மனத்தில் காணுதல், சலிப்பு வந்தாலும் விடாது தொடர்தல், தன் வேலையைத் தானே மதிப்பிடுதல், தெரியாததை முயன்று பார்த்துப் பிழையிலிருந்து கற்றல் முதலியவை அவை. மற்றப் பாடங்களில் சரியான விடை பெரும்பாலும் முன்பே ஆசிரியரிடம் இருக்கிறது. வெற்றுத் தாளுக்கு முன் அமர்ந்த குழந்தைக்கோ விடை எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எப்போது முடிந்தது என்பதையும் அக்குழந்தையே தீர்மானிக்க வேண்டும்.

இப்பழக்கங்கள் அழகுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதற்கு இவ்வட்டாரத்தின் பிழைப்பே சாட்சி. சேலத்தைச் சுற்றியுள்ள நெசவூர்களில் சேலையின் பூவேலைப்பாடு முதலில் கட்டம் போட்ட தாளில் வரையப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஒரு புள்ளியைக் குறிக்கும். நிரப்பிய கட்டம் பாவு உயர்வதையும் வெற்றுக் கட்டம் தாழ்வதையும் காட்ட, அதன்படி துளையிட்ட அட்டைகள் ஜக்கார்டு பெட்டியில் ஏறித் தறியை இயக்குகின்றன. கணினியில் அந்த வரைபடம் தயாராகும் இக்காலத்திலும், வளைந்த கொடியைச் சதுரக் கட்டங்களால் சொல்லும் கலை மனிதக் கண்ணையே சார்ந்திருக்கிறது. தம்மம்பட்டியில் தூங்குவாகை முதலிய மரங்களில் தெய்வ உருவங்களையும் வாகனங்களையும் செதுக்கும் சிற்பிகளின் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு பொருளின் சிறப்பு அது பிறக்கும் ஊரோடு பிணைந்தது என்பதற்கான சட்டச் சான்று அது. அந்தச் சான்று பெயரைக் காக்கும். அடுத்த சிற்பியை உருவாக்கிக் கொடுக்காது.

நாமக்கல் வட்டாரத்தின் லாரிப் பட்டறைகளையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வெறும் அடிச்சட்டமாக வரும் வண்டிக்கு மரத்தாலும் தகட்டாலும் உடல் கட்டி, அதன்மேல் பூவேலைப்பாடும் கடவுள் பெயரும் கொட்டை எழுத்துகளும் தீட்டி அனுப்பும் பட்டறைகள் அவை. அந்த ஓவியம் எந்தக் காட்சியகத்திலும் தொங்குவதில்லை; ஆனால் காசுமீரம் வரை ஓடுகிறது.

கருவி மாறும் காலம்

ஒட்டுப்படம் வெட்டும் எந்திரமும் அச்சுப் பதாகையும் வந்தபின் லாரி ஓவியர்களுக்கும் திரைப்படப் பதாகை ஓவியர்களுக்கும் வேலை சுருங்கியது. இப்போது சில சொற்களைத் தட்டச்சு செய்தால் படத்தையே ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவை ஏற்கெனவே மனிதர் தீட்டிய கோடிக்கணக்கான படங்களின் அமைப்பைக் கணக்கிட்டு, அதற்கு ஒப்பான புதியதொன்றைத் தருகின்றன. 1839 இல் ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோதும் ஓவியம் ஒழிந்தது என்ற குரல் எழுந்தது. உருவத்தை அப்படியே பதிக்கும் வேலையை ஒளிப்படம் எடுத்துக்கொண்டதும், ஒளியையும் நிறத்தையும் உள்ளத்து உணர்வையும் தேடி ஓவியம் வேறு திசையில் வளர்ந்தது. வேலை இழந்த உருவப்பட ஓவியர்களின் துயரம் அதனால் பொய்யாகிவிடவில்லை. கலை பிழைத்துக்கொள்ளும் என்ற ஆறுதல் கலைஞருக்குச் சோறு போடாது; ஆகவே மாற்றத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியும் கலைக்கல்வியின் பகுதியாக வேண்டும்.

எந்திரம் நொடியில் நூறு படங்களை ஆக்கித் தரும் காலத்தில், அந்த நூற்றில் எது நல்லது, எது பொய், எதில் விரல் ஆறாக இருக்கிறது, எது யாருடைய உழைப்பின் சாயல் என்று கண்டறியும் கண் முன்னிலும் அதிகமாகத் தேவைப்படுகிறது. தானே ஒரு கையை வரைந்து தோற்றுப் பார்த்த குழந்தைக்கு அந்தக் கண் எளிதில் வாய்க்கும். படங்களை நுகர்ந்து மட்டும் வளர்ந்த குழந்தைக்கு அது வாய்ப்பது கடினம். தறிக்கு வந்த கணினியும் மேடைக்கு வந்த ஒலிபெருக்கியும் கருவிகளாகப் பழகிப்போனதைப் போலவே இதுவும் பழகும். ஆனால் கருவிக்கு முன்பே கண் பழகியிருக்க வேண்டும்.

அதற்குரிய விதைகள் இங்கு முற்றிலும் இல்லாமற் போகவில்லை. சேலத்தில் இயங்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளி, குலமோ குடும்பமோ கேளாமல் பாட்டு, நாதசுரம், தவில், தேவாரம், பரதம் முதலியவற்றை இளையோருக்குக் கற்பிக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் விடுமுறை நாள்களில் சிறுவர்களுக்கு ஓவியமும் ஆடலும் சொல்லித் தருகின்றன. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழா, மேடை ஏறியறியாத பல பிள்ளைகளை மேடையேற்றியிருக்கிறது. எனினும் திருவிழா என்பது அறுவடை நாள். உழவும் களையெடுப்பும் வாராந்தர வகுப்பில் நிகழ வேண்டியவை. போட்டிக்காக ஒரு மாதம் மனப்பாடம் செய்யப்படும் நடனமும், ஆண்டு முழுவதும் காலில் ஏறும் அடவும் ஒன்றாகா.

நாமக்கல் பாறையையும் தாரமங்கலத்துத் தூண்களையும் மாணவர் அமர்ந்து வரையும் வகுப்பறைகளாக்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கூத்து வாத்தியாரையும் தம்மம்பட்டிச் சிற்பியையும் நெசவு வரைவாளரையும் உரிய ஊதியத்தோடு பள்ளிக்கு அழைக்கவும், அவர்கள் வரும் பாடவேளையைக் கணக்குத் தேர்வுக்காகப் பறிக்காதிருக்கவும் வேண்டும். அவ்வகுப்பில் அமரும் நாற்பது பிள்ளைகளில் ஒருவர் பாவையாட்டியாகலாம். மற்ற முப்பத்தொன்பது பேரும், தலையில் கட்டிய வளையத்தின் கனத்தை ஒருமுறையேனும் உணர்ந்தவர்களாக, ஊர்த்திடலில் பாவை ஆடும்போது அது எப்படி ஆடுகிறது என்று அறிந்து பார்க்கும் கூட்டமாவார்கள்.